தகரத் தடுப்பு எழும் முன்னே
(மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு குடிமைப் பாடம்)

நம் கட்டடத்துக்கு எதிரே ஒரு காலி மனை. பல வருடங்களாகப் பிள்ளைகள் அங்கேதான் கிரிக்கெட் ஆடுகிறார்கள். கணபதி உற்சவத்துக்கும் நவராத்திரிக்கும் அங்கேதான் பந்தல். மாலையில் பெரியவர்கள் நாலு சுற்று நடந்துவிட்டு வருவார்கள். ஒரு நாள் காலை ரயிலைப் பிடிக்க ஓடும்போது பார்த்தால், மனையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் தகரத் தடுப்பு எழுந்திருக்கிறது. "மால் வருதாம் சார்" என்கிறார் வாட்ச்மேன்.

அன்று இரவே சொசைட்டி செக்ரட்டரி வீட்டில் கூட்டம் கூடுகிறது. ஆளுக்கொரு யோசனை. கடைசியில் ஒரு மனு எழுதி, ஐம்பது பேர் கையெழுத்திட்டு, வார்டு ஆபீசில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பல வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு வரியில் வருகிறது: "அனுமதி விதிமுறைப்படி வழங்கப்பட்டுள்ளது."

இது ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் கதை அல்ல. மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், கோரேகாவ் என்று நம்மவர் வாழும் எந்தப் பேட்டையிலும் நடக்கக்கூடியது. அந்த ஒரு வரிப் பதிலைப் படித்துவிட்டு, "பணம் விளையாடியிருக்கும்" என்று சொல்லி நாம் எழுந்து போய்விடுகிறோம். சில இடங்களில் அதுவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. அந்த மனையில் என்ன கட்டலாம் என்பது சில வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிட்டது. முடிவாவதற்கு முன் மாநகராட்சி ஊரைக் கூப்பிட்டுக் கேட்டது. அப்போது நாம் கவனிக்கவில்லை.

எப்போது கேட்பார்கள், யார் கேட்பார்கள், நாம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதே இந்தப் பாடம்.

1. வரைபடம் என்ன சொல்கிறது?

மாட்டுங்காவின் அகலமான தெருக்களும், மர நிழலும், ஐந்து தோட்டங்களும் தாமாக வந்தவை அல்ல. 1896ல் பம்பாயில் பிளேக் நோய் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நெரிசலான குடியிருப்பே நோய்க்குக் காரணம் என்று கருதி, 1898ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அரசு ஏற்படுத்தியது. அந்த டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளைக் கோடு கிழித்துத் திட்டமிட்டது. நம் தாத்தா காலத்தவர் பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்து வாடகைக்குக் குடியேறியபோது, அவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைத்ததற்கு ஒரு வரைபடமே காரணம்.

இன்று அந்த வேலையைச் செய்வது "டெவலப்மெண்ட் பிளான்" எனப்படும் நகர அபிவிருத்தித் திட்டம். மராத்தியில் "விகாஸ் ஆராக்கடா" என்பார்கள். 1966ஆம் வருடத்து மகாராஷ்டிர வட்டார, நகரத் திட்டச் சட்டத்தின்படி இது தயாராகிறது. மும்பைக்கு முதல் திட்டம் 1960களில் வந்தது. இரண்டாவது, 1991 முதல் 1994 வரை பகுதி பகுதியாக ஒப்புதல் பெற்றது. மூன்றாவது, 2034 வரைக்குமான திட்டம். அது 2018 செப்டம்பர் 1 முதல் அமலில் உள்ளது.

இந்த வரைபடத்தில் நாம் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மண்டலம். ஒரு மனை குடியிருப்புக்கா, வணிகத்துக்கா, தொழிற்சாலைக்கா என்பதை இது சொல்லும். குடியிருப்பு மண்டலம் என்றால் கடையே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மளிகை, மருந்து, சலவை, தையல் போன்ற சிறு கடைகளுக்கு அங்கும் இடம் உண்டு. சாலை எவ்வளவு அகலமோ அதற்கேற்ப அனுமதிக்கும் வியாபாரமும் பெரிதாகிக்கொண்டே போகும். ஆகவே ஒரு தெருவை அகலப்படுத்தப் போகிறோம் என்று வரைபடத்தில் ஒரு கோடு விழுந்தால், அது போக்குவரத்து விஷயம் மட்டும் அல்ல. அத்தெருவில் நாளைக்கு என்ன கடை வரலாம் என்பதையும் அந்தக் கோடு தீர்மானிக்கிறது.

இரண்டாவது, ஒதுக்கீடு. தோட்டம், விளையாட்டு மைதானம், பள்ளி, மருத்துவமனை, மார்க்கெட் என்று பொதுக் காரியத்துக்காகக் குறித்து வைத்த மனைகள் இவை. நம்மவர் பேச்சில் "ரிசர்வேஷன் பிளாட்". வரைபடத்தில் பச்சை நிறம் பூசியிருப்பதால் மட்டும் அங்கே தோட்டம் வந்துவிடாது. நிலம் இன்னும் தனியார் கையில் இருக்கலாம். மாநகராட்சி அதைப் பணம் கொடுத்தோ, வேறிடத்தில் கட்டும் உரிமையைச் சான்றிதழாகக் கொடுத்தோ வாங்க வேண்டும்.

மூன்றாவது, எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப் பரப்பு கட்டலாம் என்ற கணக்கு இது. 1,000 சதுர மீட்டர் மனைக்கு எஃப்.எஸ்.ஐ. 1.33 என்றால், எல்லாத் தளங்களும் சேர்ந்து 1,330 சதுர மீட்டர். 1991 விதிகளில் தீவு நகரத்துக்கு 1.33, புறநகருக்கு 1 என்பது அடிப்படை. அதற்கு மேல் கட்டணம் கட்டியும், மேற்சொன்ன சான்றிதழை வாங்கியும் கூட்டிக்கொள்ளலாம். எவ்வளவு கூட்டலாம் என்பதற்கும் சாலையின் அகலமே அளவுகோல்.

இந்த மூன்றும் திட்டத்தில் உறுதியாகிவிட்டால், அதற்கு உட்பட்டு ஒரு பில்டர் கட்ட வரும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் கேட்கும் கட்டம் சட்டத்தில் இல்லை. விதிக்கு மாறாக அனுமதி கொடுத்திருந்தால் புகார் செய்யலாம், நீதிமன்றம் போகலாம். "எங்களுக்கு இது பிடிக்கவில்லை" என்பதற்கு அப்போது இடமில்லை. ஐம்பது கையெழுத்து மனு பயனற்றுப் போவது இதனால்தான்.

2. கேட்கும் குழு

நகலாகத் தயாரித்த திட்டத்தை மாநகராட்சி மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். இது சட்டத்தின் 26ஆம் பிரிவு. மும்பைக்கு ஆட்சேபணை சொல்லக் கொடுக்கும் அவகாசம் 60 நாள். மராத்தி நாளிதழ்களில் "ஹரகதி வ சூசனா" என்ற தலைப்போடு பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வருமே, அதுதான். "ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும்" என்று பொருள். நம்மில் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறோம்.

வந்த மனுக்களை ஒரு திட்டக் குழு விசாரிக்கும். இது 28ஆம் பிரிவு. மாநகராட்சியின் நிலைக்குழு உறுப்பினர்கள் மூன்று பேரும், நகரத் திட்டம், சுற்றுச்சூழல் போன்றவற்றில் அனுபவம் உள்ளவர்கள் நால்வர் வரையிலும் அதில் இருப்பார்கள். மனு கொடுத்தவருக்கு நேரில் பேச நியாயமான வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்த விசாரணைக்கு மராத்தியில் "சுனாவணி" என்று பெயர். குழுவின் அறிக்கை மாநகராட்சிக்குப் போய், பிறகு மாநில அரசின் ஒப்புதலுக்குப் போகும். அரசு முக்கியமான மாற்றம் எதையாவது செய்தால், அந்த மாற்றத்தை மட்டும் மறுபடி வெளியிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். யார் மனு கொடுக்கலாம்? "எந்த நபரும்" என்கிறது சட்டம். வீட்டுக்காரராக இருக்க வேண்டியதில்லை. பகடி வாடகைதாரரும், சாலில் ஒற்றை அறையில் குடியிருப்பவரும், போன வருடம் மாற்றலாகி வந்தவரும் அந்தச் சொல்லில் அடக்கம். எந்த மாநிலத்தவர், என்ன தாய்மொழி என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. "நாம் வெளியூர்க்காரர்கள், நமக்கேன் வம்பு" என்று மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்துகொண்டே சொல்கிறோம். அந்தப் பேச்சு நாமே போட்டுக்கொண்ட பூட்டு.

3. மனுக்கள் செய்த காரியம்

"நாம் சொல்லி என்ன ஆகப் போகிறது?" என்று கேட்பவர்களுக்கு 2015ஆம் வருடத்துச் சம்பவம் பதில்.

2015 பிப்ரவரியில் மும்பைக்கான நகல் திட்டம் வெளியாயிற்று. சில இடங்களில் எஃப்.எஸ்.ஐ. 8 வரைக்கும் போகலாம் என்று அதில் இருந்தது. அதைவிட மக்களைத் திகைக்க வைத்தவை பிழைகள். இருக்கிற கட்டடங்களின் மேல் புதுச் சாலைக் கோடு போயிருந்தது. வழிபாட்டு இடங்களும் பாரம்பரியக் கட்டடங்களும் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தன, அல்லது விடுபட்டிருந்தன. ஆரே காலனியின் பசுமைப் பரப்பில் கட்டடங்களுக்கு வழி திறந்திருந்தது. ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்தன. குடியிருப்போர் சங்கங்கள், கட்டடக் கலைஞர்கள், கட்சிகள் எல்லாரும் குரல் கொடுத்தார்கள். 2015 ஏப்ரல் 21 அன்று முதலமைச்சர் தேவேந்திர ஃபட்னவிஸ் அந்த நகலையே நிறுத்திவிட்டார். ஆட்சேபணைக்கான அவகாசம் முடிவதற்கும் முன்னால் இது நடந்தது.

திருத்திய நகல் 2016 மே 27 அன்று வெளியானது. அதற்கு 84,000க்கும் மேற்பட்ட ஆட்சேபணைகளும் ஆலோசனைகளும் வந்தன. திட்டக் குழு மாதக்கணக்கில் அமர்ந்து அவற்றை விசாரித்தது. 2017 ஜூலை கடைசியில் மாநகராட்சி மன்றம் திட்டத்தை ஏற்றது. 2018 மே மாதம் அரசு ஒப்புதல் அறிவிப்பு வந்தது.

எல்லா மனுவும் வென்றது என்று சொல்லமாட்டேன். ஆரேயில் மெட்ரோ ரயில் பணிமனைக்கென ஒதுக்கிய சுமார் 33 ஹெக்டேர் நிலத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதினார்கள், தெருவிலும் நின்றார்கள், நீதிமன்றமும் போனார்கள். பணிமனை கட்டப்பட்டது. 2024 அக்டோபரில் அந்தத் தடத்தில் ரயிலும் ஓடத் தொடங்கியது. ஆரேயின் பெரும் பகுதி பசுமை மண்டலமாகத் திட்டத்தில் நின்றது என்பதும் உண்மை. பாதி கிடைத்தது, பாதி போயிற்று. பொதுக் காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டை என்றால் ஒரே குரல் அல்ல. 2012ல் நகரின் பாரம்பரியப் பட்டியலைப் பெரிதாக்கும் அறிவிப்பு வந்தபோது சிவாஜி பார்க், தாதர், மாட்டுங்கா பகுதிகளில் பலர் எதிர்த்தார்கள். பட்டியலில் சேர்ந்துவிட்டால் இடிந்துகொண்டிருக்கும் பழைய கட்டடத்தைப் புதுப்பித்துக் கட்ட முடியாது என்பது அவர்கள் பயம். தாதர் பார்சி காலனியிலோ, தங்கள் காலனி மாறாமல் இருக்கப் பட்டியல் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் தங்கள் வீட்டைக் காப்பாற்றவே பேசினார்கள். மழைக்காலத்தில் கூரை எப்போது விழுமோ என்று படுப்பவருக்குப் புதுக் கட்டடம் தேவை. எதிர்வீட்டுக்காரருக்கு வெளிச்சம் தேவை. மனு எழுதுமுன் சொசைட்டிக்குள் இதைப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். குழுவின் முன்னே ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு மனுக்கள் முட்டிக்கொண்டால் இரண்டுக்கும் பலம் குறையும்.

4. திட்டம் முடிந்த பிறகு?

2034 வரை இனி ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். இரண்டு இடங்களில் கண் வைக்க வேண்டும்.

ஒன்று, 37ஆம் பிரிவு. அமலில் உள்ள திட்டத்தில் சிறு மாற்றம் செய்ய இது வழி தருகிறது. ஒரு மனையின் மண்டலத்தை மாற்றவோ, மைதானத்தை வேறிடத்துக்கு நகர்த்தவோ நினைத்தால், மாநகராட்சி அரசிதழில் அறிவித்து ஒரு மாத காலம் ஆட்சேபணை கேட்க வேண்டும். அறிவிப்பு ஒரே ஒரு மனையைப் பற்றியதாக இருக்கும். ஊரே பார்த்துக்கொண்டிருக்காது. அந்தத் தெருக்காரர் பார்த்தால்தான் உண்டு.

மற்றொன்று, 127ஆம் பிரிவு. நம்மவர் பலருக்கு இது தெரியாது. ஆனால் இனி வரும் வருடங்களில் மிகவும் தேவைப்படப் போவது இதுதான். பொதுக் காரியத்துக்கென்று ஒதுக்கிய தனியார் நிலத்தை, திட்டம் அமலுக்கு வந்து பத்து வருடத்துக்குள் அரசு வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலச் சொந்தக்காரர் அதன்பின் ஒரு நோட்டீஸ் கொடுக்கலாம். நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் நிலத்தை எடுக்கவில்லை, எடுப்பதற்கான நடவடிக்கையும் தொடங்கவில்லை என்றால், ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். முன்பு இந்த அவகாசம் 6 மாதம், பிறகு 12, 2015 திருத்தத்துக்குப் பின் 24.

சொந்தக்காரர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பணமும் கொடுக்காமல், கட்டவும் விடாமல் ஒருவர் நிலத்தை எத்தனை காலம் முடக்கி வைப்பது? சட்டம் அதற்காகத்தான் இந்த வாசலைத் திறந்து வைத்தது. ஆனால் அலுவலகத்தில் ஒரு கோப்பு தூங்கிப் போனால், நஷ்டம் பேட்டைப் பிள்ளைகளுக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய திட்டம் அமலுக்கு வந்தது 2018 செப்டம்பர். பத்து வருடம் முடிவது 2028 செப்டம்பர். (ஒப்புதலின்போது விலக்கி வைத்துப் பிற்பாடு சேர்த்த பகுதிகளுக்குத் தேதி சற்றுத் தள்ளிப் போகும்.) நம் தெருவில் தோட்டம் என்றோ மைதானம் என்றோ குறித்த தனியார் மனை இருந்தால், அதை வாங்க மாநகராட்சி என்ன செய்திருக்கிறது என்று இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் கொடுத்தாலே போதும்.

5. வார்டு கமிட்டியின் எல்லை

1992ல் நிறைவேறி 1993 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் தொகை உள்ள நகரங்களில் வார்டு கமிட்டிகள் வேண்டும் என்றது. நகரத் திட்டமும் நிலப் பயன்பாடும் நகராட்சிகளுக்கு உரிய பணிகள் என்று பட்டியலும் இட்டது.

மும்பை பல நிர்வாக வார்டுகளாகப் பிரிந்திருக்கிறது. மாட்டுங்கா எஃப் வடக்கு, செம்பூர் எம் மேற்கு, முலுண்ட் டி. அக்கம்பக்கத்து வார்டுகளைச் சேர்த்து ஒரு கமிட்டி அமைப்பதும் உண்டு. ஆகவே ஒரு கமிட்டியின் கீழே பல லட்சம் பேர் வந்துவிடுகிறார்கள். குப்பை, தண்ணீர், சாலைக் குழி ஆகியவற்றுக்கு அங்கே போகலாம். மண்டலத்தை மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. ஒதுக்கீட்டு மனைகளை வாங்குவது பற்றிய பிரேரணைகள் போவது "சுதார் சமிதி" எனப்படும் மேம்பாட்டுக் குழுவுக்கு. 127ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் அந்தப் பேச்சும் அங்கேதான். நம் வட்டாரக் கார்ப்பரேட்டரிடம் "ரோடு போடுங்கள்" என்று கேட்பதோடு, "சுதார் சமிதியில் நம் மைதானம் எந்த நிலையில் இருக்கிறது?" என்றும் கேட்கப் பழக வேண்டும். 2022 மார்ச்சில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து, பிறகு சில வருடங்கள் தேர்தல் இல்லாமல் அதிகாரியே நிர்வாகம் நடத்தினார். அப்போது கேட்க ஆளில்லாமல் தவித்தது பலருக்கு நினைவிருக்கும்.

வேறு ஊர்களில் எப்படி? அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் அண்டைப்பகுதி ஆலோசனைக் கமிஷன்கள் இயங்குகின்றன. சுமார் 2,000 பேருக்கு ஓர் உறுப்பினர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல், சம்பளம் கிடையாது. மண்டல மாற்றமோ, பெரிய வணிகக் கட்டடமோ, மதுக்கடை உரிமமோ வந்தால் முதலில் அந்தக் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். கமிஷன் பொதுக் கூட்டம் போட்டுத் தீர்மானம் அனுப்பும். அரசாங்கம் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பெரும் மதிப்புக் கொடுக்க வேண்டும். ஏற்காவிட்டால், எழுப்பிய ஒவ்வொரு விஷயத்துக்கும் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். தடுக்கும் அதிகாரம் இல்லாத குழுதான். இருந்தும் பில்டர் அங்கே வந்து தெருக்காரர் முன்னே நின்று பேச வேண்டியிருக்கிறது. நமக்கு அத்தகைய சிறு மன்றம் இல்லை. அந்த இடத்தை நம் சொசைட்டிகளும் சங்கங்களும்தான் நிரப்ப வேண்டும்.

தாராவி அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. நிர்வாகத்தில் தாராவி ஜி வடக்கு வார்டைச் சேர்ந்தது. ஆனால் மறுசீரமைப்புக்காக அறிவித்த பகுதிக்குத் திட்டம் போடுவது மாநகராட்சி அல்ல. தனித் திட்ட அதிகாரம். அங்கே வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், மண்டலம் என்ற சொல்லே பிழைப்பைத் தொடும் சொல். ஆட்சேபணையோ கணக்கெடுப்பு முறையீடோ எந்த அலுவலகத்துக்கு என்று அறிவிப்பில் பார்த்துவிட்டே அனுப்புங்கள். தவறான வாசலில் கொடுத்த மனு வராத மனு.

6. மனு எழுதும் முறை

புகார் வேறு, ஆட்சேபணை வேறு. புகார் நம் வருத்தத்தைச் சொல்லும். ஆட்சேபணை, எந்த வரியை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும். ஆயிரக்கணக்கான மனுக்களைப் பார்க்கும் குழுவுக்கு இரண்டாவதே பயன்படும்.

(அ) மனையின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். தீவு நகரத்தில் சி.எஸ். எண், புறநகரில் சி.டி.எஸ். எண். "பெட்ரோல் பங்க் பக்கத்து மைதானம்" என்று எழுதினால் வரைபடத்தில் தேட முடியாது.

(ஆ) மாநகராட்சியில் கட்டணம் கட்டி "டி.பி. ரிமார்க்" வாங்குங்கள். மண்டலம், ஒதுக்கீடு, சாலைக் கோடு மூன்றும் அதில் இருக்கும். குறியீட்டின் முதல் எழுத்தைப் பாருங்கள். "ஈ" என்றால் ஏற்கெனவே உள்ள வசதி. "ஆர்" என்றால் இனி வரவேண்டிய ஒதுக்கீடு.

(இ) நேரில் போய்ப் பார்த்து, தேதியுடன் புகைப்படம் எடுங்கள். சாலையின் அகலத்தை டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். வரைபடத்துக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடே வலுவான சாட்சி.

(ஈ) ஒரு மனுவில் ஒரு விஷயம். என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் தெளிவாகச் சொல்லுங்கள்.

(உ) அவகாசத்துக்குள் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். விசாரணையில் பேச விரும்புவதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

மாதிரி மனு ஒன்று. மராத்தியிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியதன் சாரம் இது:

"பொருள்: ...... தேதியிட்ட அறிவிப்பு; ...... வார்டு, ...... பிரிவு, சி.டி.எஸ். எண் ...... பற்றிய ஆட்சேபணை. நான் மேற்படி மனைக்கு எதிரே ...... கட்டடத்தில் ...... வருடமாகக் குடியிருக்கிறேன். இந்த மனை அமலில் உள்ள திட்டத்தில் விளையாட்டு மைதானமாக ஒதுக்கப்பட்டது. அறிவிப்பின்படி இதை வணிக மண்டலமாக மாற்ற உத்தேசம். இந்தத் தெருவின் அகலம் தரையில் ...... மீட்டர், அளவும் புகைப்படமும் இணைத்துள்ளேன். அருகில் உள்ள பள்ளிகளின் பிள்ளைகளுக்கு வேறு மைதானம் ...... மீட்டருக்குள் இல்லை. ஆகவே மாற்றத்தைக் கைவிட்டு, மைதான ஒதுக்கீட்டைத் தொடருமாறு வேண்டுகிறேன். விசாரணையில் நேரில் பேச வாய்ப்புத் தேவை. கையொப்பம், முகவரி."

விசாரணையில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடமே கிடைக்கும். கதை சொல்ல நேரம் இருக்காது. எண், வேறுபாடு, வேண்டுகோள் என்று மூன்று வாக்கியத்தில் முடிக்கப் பழகிக்கொண்டு போங்கள். மராத்தி நன்றாகப் பேசும் நம் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லலாம். இங்கே பிறந்து வளர்ந்த அவர்களுக்கு அந்த அறையில் நமக்கிருக்கும் கூச்சம் இராது.

7. வீட்டுக்கு ஒரு பயிற்சி

விடுமுறை நாளில் குடும்பத்தோடு செய்து பாருங்கள்.

- உங்கள் கட்டடத்தின் சி.எஸ். அல்லது சி.டி.எஸ். எண் என்ன?
- உங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் "ஆர்" குறியீட்டு மனை எத்தனை? இன்று அங்கே என்ன இருக்கிறது?
- உங்கள் தெருவின் அகலம் வரைபடத்தில் எவ்வளவு, தரையில் எவ்வளவு?
- உங்கள் சொசைட்டியில் அரசிதழ் அறிவிப்புகளை மாதம் ஒரு முறை பார்ப்பது யார் பொறுப்பு? யாரும் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் ஒருவரை நியமியுங்கள்.

ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இந்தக் கடைசி வேலையை எடுத்துக்கொண்டால் போதும். மராத்தி நாளிதழில் அந்தப் பொடி எழுத்துப் பக்கத்தைப் படிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். எதிர் மனையில் பிள்ளைகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே படித்துவிட வேண்டும்.